ஒரு தரம்... ரெண்டு தரம்... க்ளிக்!

அமெரிக்காவில் ஒருவருக்குத் திடீரென்று கோல்ஃப் ஆட ஆசை வந்துவிட்டது. புது மட்டை செட் வாங்கக் காசில்லை. என்ன செய்வார்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஈபே தளத்தில் யாரோ ஆடி முடித்த பழைய மட்டையை ஏலத்தில் கேட்பார். நான்கு போட்டோ, பத்து வரி விவரம், கீழே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். கடைசி நொடியில் யார் தொகை மேலே நிற்கிறதோ அவருக்கு மட்டை. வீட்டுக்கு வந்து சேரும் மட்டை ஒரிஜினலா, போலியா என்பது பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

நாமக்கல்லில் பழைய கோல்ஃப் மட்டை வாங்கி என்ன செய்வது? முட்டையை அடிக்கலாம், அவ்வளவுதான் :-) தமிழ்நாட்டில் கோல்ஃப் என்றால் கிண்டி, ஊட்டி, கொடைக்கானல் என்று சில இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே மாதிரி போட்டோ, அதே மாதிரி கடிகாரம், அதே மாதிரி க்ளிக்கோடு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிக்காரர்கள் வேறொரு பழைய சாமானைக் கேட்கிறார்கள். அது தபாலில் வராது. பத்து டயர், பன்னிரண்டு டயரோடு யார்டில் நிற்கும். லாரி!

பழைய லாரியை ஆன்லைன் ஏலத்தில் எடுப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. லாரி வாங்கும் உத்தேசம் இல்லாதவர்களும் படிக்கலாம். பி.காம். முதல் வருடப் பாடங்களில் பாதி இதற்குள்ளேயே கிடக்கிறது.

ஏலம் ஒன்றும் புதுசில்லை

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஏலம் பழகிப்போன விஷயம். திருச்செங்கோட்டில் கூட்டுறவு சங்கத்தில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏலம். இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. வியாபாரி கையால் தொடாமல் விலை சொல்ல மாட்டார். மஞ்சளை ஒடித்து உள்ளே நிறம் பார்ப்பார். தாரைத் தட்டிப் பார்ப்பார். ஏலம் கேட்பது வாய்தான், ஆனால் விலையை முடிவு செய்வது கையும் கண்ணும்.

ஏலம் இல்லாத இடத்திலும் அப்படித்தான். புதன்சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது!

ஆன்லைன் ஏலம் இந்த இடத்தில்தான் மாறுகிறது. ஏலம் அப்படியே இருக்கிறது, பல்லைக் காணோம். போட்டோவில் முன் பக்கம், பின் பக்கம், கேபின், டயர் எல்லாம் தெரியும். என்ஜின் சத்தம் தெரியாது. கியர் விழுகிறதா என்று தெரியாது. கிரவுன் அலறுமா என்று தெரியவே தெரியாது.

உடைந்த சாமானை வாங்கிய புத்திசாலி

ஈபே 1995ல் ஆரம்பித்தது. பியர் ஒமிட்யார் என்பவர் அப்போது அதற்கு வைத்திருந்த பெயர் ஆக்‌ஷன்வெப். அதில் விற்ற முதல் பொருள் என்ன தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது. ஒமிட்யாருக்கே ஆச்சரியம். "இது உடைந்தது என்று தெரியும்தானே?" என்று வாங்கியவரிடம் கேட்டார். அவர் உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரித்துக்கொண்டிருந்தாராம்!

கேட்டால் சிரிப்பு வருகிற கதை. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த ஆள் ஏமாறவில்லை. என்ன உடைந்திருக்கிறது என்று தெரிந்தே விலை கேட்டார். பழைய சாமானை ஏலத்தில் எடுப்பவர்களில் தப்பிப்பது இந்த மாதிரி ஆட்கள்தான். பழுது இருப்பது பிரச்சினையே இல்லை. பழைய சாமான் என்றால் பழுது இருக்கத்தான் செய்யும். என்ன பழுது என்று தெரியாமல் கேட்பதுதான் பிரச்சினை.

ஈபே இந்தியாவுக்கும் வந்தது. 2004ல் பாஸி டாட் காம் தளத்தை விலைக்கு வாங்கி இங்கே கடை விரித்தது. அந்த இந்தியக் கடை 2018ல் மூடப்பட்டது. ஆனால் ஆன்லைன் ஏலம் என்கிற பழக்கம் மூடப்படவில்லை. கடன் கட்டாமல் பிடிக்கப்பட்ட வண்டிகள், கம்பெனிகள் கழித்துவிட்ட வண்டிகள், அரசாங்கத்தின் பழைய ஜீப்புகள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் ஏலத்துக்கு வருகின்றன. அரசுப் பொருட்களை இப்படி ஏலம் விடும் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் 1964ல் கொல்கத்தாவில் தொடங்கியது. பழைய இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி அது.

ஒரு டிரைவர் அண்ணன்

இனி ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், டிரைவர் அண்ணன் போதும். வயது 35. பதினைந்து வருஷமாக அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறார். சேலத்திலிருந்து கரூர் போகிற ரோட்டில் ஆரம்பித்து குஜராத் வரைக்கும் எந்த தாபாவில் சோறு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆசை ஒன்றுதான். சொந்தமாக ஒரு வண்டி.

இந்த ஆசை இந்த ஊரில் அதிசயமே இல்லை. டிரைவராக இருந்து ஓனரானவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பழைய வண்டி வாங்கக் கடன் கொடுப்பதையே பெரிய தொழிலாகச் செய்த கம்பெனிகளும் உண்டு. 1979ல் ஆரம்பித்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வளர்ந்ததே பழைய லாரிக் கடனில்தான்.

புது வண்டி அண்ணனுக்கு எட்டாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது லாரி விலை ஏறிவிட்டது. ஆட்டோ கன்சல்டிங்கில் ஓடுகிற வண்டி பத்தரை லட்சம் சொல்கிறார்கள். அதே மாடல் வண்டி ஆன்லைன் ஏலத்தில் ஆறு லட்சத்தில் ஆரம்பிக்கிறது என்று யாரோ செல்போனில் காட்டுகிறார்கள். அண்ணனுக்குக் கை பரபரக்கிறது. கையில் மனைவியின் நகையை வைத்து வாங்கிய பணம். மீதிக்கு ஃபைனான்ஸ்.

அவர் தனக்குத் தெரிந்த வயசான மெக்கானிக்கைக் கேட்கிறார்.

"ஏனுங்ணா, எட்டு லட்சம் வரைக்கும் போலாமுங்களா?"

"போலாங் கண்ணு. வண்டிய எங்க பார்த்த?"

"போன்ல பார்த்தனுங்."

"போன்ல பார்த்துப் பொண்ணு கட்டுனாக்கூட நேர்ல ஒருக்கா போய்ப் பார்ப்பாங்கல்ல? யார்டுக்கு எப்பப் போறோம், சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு. அந்த மெக்கானிக் கேட்ட கேள்விக்கு பொருளாதாரத்தில் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவார்கள். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிதான். இதற்காக 2001ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பிடிக்கப்பட்ட வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. விற்கிற கம்பெனிக்கே குறை தெரியாது! வண்டியைத் தெரிந்த ஒரே ஆள் பழைய ஓனர். அவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார்.

யார்டில் என்ன பார்க்கலாம்?

ஏலத்துக்கு முன்னால் வண்டியைப் போய்ப் பார்க்க நாள் ஒதுக்குவார்கள். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க முடியாது. ஸ்டார்ட் ஆனாலே அதிர்ஷ்டம், பல வண்டிகளில் பேட்டரி செத்திருக்கும். ஆனாலும் கண்ணுக்கும் காதுக்கும் வேலை இருக்கிறது.

ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறதா? என்ஜினுக்குள் தண்ணீர் கலக்கிறது. ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் என்ஜின் வேலை காத்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சேஸிஸில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தால் சந்தோஷப்படக் கூடாது. அதற்கடியில் வெல்டிங் இருக்கலாம். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டிக்கு வேறு வியாதிகள். டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். எலி வயரிங்கைக் கடித்திருக்கும். பி.எஸ்.6 வண்டியில் சென்சார் அதிகம், எலிக்கும் விருந்து அதிகம் :-) ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய் எல்லாம் போட்டோவில் இருந்ததா, இப்போதும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாமக்கல்லுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பாடி கட்டுகிற பட்டறை, டயர் கடை, ஸ்பிரிங் பட்டை அடிக்கிற இடம், கிரவுன் வேலை செய்கிறவர், எல்லோரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேபின் நசுங்கிய வண்டியை சென்னைக்காரர் பார்த்தால் தலையில் கை வைப்பார். நாமக்கல்காரர் பார்த்தால், "இதுக்கு இவ்வளவுதான் ஆகும்" என்று ஒரு தொகை சொல்லிவிடுவார். அந்தத் தொகை தெரிந்திருப்பதுதான் இந்த ஊரின் முதலீடு. ஆன்லைன் ஏலத்தில் யார் வேண்டுமானாலும் க்ளிக் செய்யலாம். ரிப்பேர் செலவைத் தெரிந்துகொண்டு க்ளிக் செய்கிறவர்கள் கொஞ்சம்தான்.

காகிதத்தையும் பார்க்க வேண்டும்

வண்டி நன்றாக இருந்து காகிதம் கெட்டிருந்தாலும் வண்டி ஓடாது.

முதலில் வயது. நேஷனல் பர்மிட்டில் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அதற்கு மேல் ஆக்சில் உள்ள வண்டிக்கு 15 வயது. பதினோரு வருஷ ஆறு டயர் லாரி ஏலத்தில் ரொம்ப சல்லிசாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இன்னும் ஒரு வருஷத்தில் அது குஜராத்துக்குப் போக முடியாது. உள்ளூர் லோடுக்குத்தான்.

எஃப்.சி. அடுத்தது. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கப்புறம் வருஷா வருஷம். நின்றுபோன வண்டிக்கு எஃப்.சி. முடிந்திருக்கும், இன்சூரன்ஸ் முடிந்திருக்கும், காலாண்டு வரி பாக்கி சேர்ந்திருக்கும். பழைய ஓனர் காலத்து அபராதச் சலான்கள் வேறு மாநிலத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் இதில் நிறைய விஷயம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். டி.என். 28, 88, 34, 52 எந்த நம்பரானாலும் சரி.

எச்.பி. கேன்சல் ஆகிவிட்டதா, பெயர் மாற்றத்துக்கு வேண்டிய காகிதங்களை விற்பவர் எத்தனை நாளில் தருவார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசாங்க ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் அதற்கென்றே தனியாக 32ஆம் நம்பர் படிவம் இருக்கிறது. 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, 15 வருஷம் முடிந்த அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை உடைக்கத்தான் போகின்றன. விளம்பரத்தில் ஓட்டுவதற்கா, உடைப்பதற்கா என்று படிக்காமல் ஜீப் ஆசையில் கேட்டால் இரும்புதான் மிஞ்சும்.

ஜெயித்தவனுக்கு வரும் சாபம்

சரி, டிரைவர் அண்ணன் வண்டியைப் பார்த்துவிட்டார், காகிதத்தையும் பார்த்துவிட்டார். இனி ஏல நாள்.

ஒரே வண்டியைப் பத்து பேர் பார்க்கிறார்கள். அந்த வண்டியின் உண்மையான மதிப்பு ஏழு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது யாருக்கும் தெரியாது. ஒருவர் ஆறு என்று கணிக்கிறார், ஒருவர் ஏழு, ஒருவர் எட்டு. பத்து பேர் கணக்கின் சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏலம் சராசரிக்காரருக்குப் போகாது. கிரவுன் சத்தத்தைக் கவனிக்காமல், டயரை நம்பி, மற்ற எல்லோரையும் விட அதிகமாகக் கணித்தவருக்குத்தான் போகும். ஏலத்தில் ஜெயிப்பது என்றால், கூட்டத்தில் தானே அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டிருக்கலாம் என்று அர்த்தம்!

அமெரிக்காவில் கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு இப்படித்தான் கை சுட்டது. கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எஞ்சினியர்கள் 1971ல் இதை எழுதினார்கள். 1983ல் பேசர்மேன், சாமுவேல்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களிடம் 8 டாலர் மதிப்புள்ள ஜாடிகளைக் காட்டி ஏலம் விட்டார்கள். எல்லோருடைய கணிப்பின் சராசரி 5.13 டாலர், உண்மையை விடக் குறைவு. ஆனால் ஜெயித்தவர்கள் கொடுத்த சராசரி தொகை 10.01 டாலர்! (வகுப்பில் ஒரு பாட்டிலில் ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டு செய்து பார்க்கலாம். லாபம் பாட்டில் வைத்திருப்பவருக்கு.)

இதோடு கடிகாரம் சேர்ந்துகொள்கிறது. ஈபேயில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். அதனால் கடைசி நொடி வரை ஒளிந்திருந்து கேட்பார்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002ல் இதைப் பற்றி எழுதினார்கள். வண்டி ஏலங்களில் வேறு மாதிரி. கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். நீண்டுகொண்டே போகும். எதிரில் ஆள் தெரியாது, "இன்னும் பத்தாயிரம்தானே" என்று விரல் போகும். மஞ்சள் ஏலத்தில் எதிராளி முகத்தைப் பார்த்து, "இவன் விட மாட்டான், நாம விட்டுடலாம்" என்று ஒதுங்கலாம். இங்கே பார்ப்பதற்கு முகம் இல்லை.

பாலன்ஸ் ஷீட் என்ன சொல்கிறது?

பி.காம். முதல் வருடத்தில் ஒரு கணக்கு வரும். பழைய மெஷின் ஒன்றை இவ்வளவுக்கு வாங்கி, உடனே இவ்வளவு செலவழித்து ரிப்பேர் செய்தார்கள். மெஷின் கணக்கில் எவ்வளவு எழுதுவது? ரிப்பேரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பொருளை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு எல்லாம் அதன் அடக்க விலையில் சேரும். எல்லோரும் பரீட்சையில் மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடும் கணக்கு இது.

டிரைவர் அண்ணனுக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் உதாரணத் தொகைகள்தான்.

ஏலத் தொகை 8,00,000. ஏலக் கட்டணம், யார்டு வாடகை, வண்டியை இழுத்து வர 30,000. வரி பாக்கி, இன்சூரன்ஸ், எஃப்.சி., பெயர் மாற்றம் 1,10,000. நாலு டயர் 80,000. என்ஜின், கிரவுன் வேலை 90,000. பேட்டரி, வயரிங், பெயிண்ட் 40,000. மொத்தம் 11,50,000.

கன்சல்டிங்கில் ஓடுகிற வண்டி எவ்வளவு சொன்னார்கள்? பத்தரை லட்சம்! ஏலத்தில் "மலிவாக" எடுத்து ஒரு லட்சம் அதிகமாகக் கொடுத்தாகிவிட்டது. ரிப்பேர் நடக்கிற இரண்டு மாதமும் லோடு கிடையாது, ஆனால் டியூ தேதி நிற்காது.

கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். ஓடுகிற வண்டி 10,50,000. அதில் மற்ற செலவு 3,50,000 கழித்தால் 7,00,000. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு 50,000 கழித்தால் 6,50,000. அதுதான் அண்ணன் கேட்கக்கூடிய கடைசி விலை. அதை ஏலத்துக்கு முந்தின நாள் ஒரு காகிதத்தில் எழுதி மனைவி கையில் கொடுத்துவிட வேண்டும். ஏல நேரத்தில் 6,60,000 என்று ஸ்கிரீனில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நகையும் வீட்டில் இருக்கும்.

சட்டம் யார் பக்கம்?

1930ஆம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே இருக்கிறது. சுத்தியல் விழும் வரை விற்பனை முடியவில்லை. அதற்கு முன் கேட்டவர் விலகிக்கொள்ளலாம். விலையை ஏற்ற பொய்யாகக் கேட்க ஆள் வைத்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் சுத்தியல் எங்கே? அது விதிமுறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பல ஏலங்களில் அதிக விலை கேட்டவருக்கு வண்டி உடனே கிடைத்துவிடாது. கடன் கொடுத்த கம்பெனி சம்மதிக்க வேண்டும். அதுவரை கட்டிய டெபாசிட்டும் மாட்டிக்கொண்டிருக்கும். சம்மதித்த பிறகு வேண்டாம் என்றால் டெபாசிட் போகும்.

"உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில்" என்று ஒரு வரியும் கட்டாயம் இருக்கும். வாங்குபவனே ஜாக்கிரதை என்று மெர்கண்டைல் லாவில் படிப்போமே, அதன் யார்டு வடிவம் இது. வண்டியை ஏலத்திலிருந்து கடைசி நேரத்தில் எடுத்துவிட்டாலும் பஸ் செலவைக் கேட்க முடியாது. 1873ல் இங்கிலாந்தில் ஹாரிஸ் எதிர் நிக்கர்சன் வழக்கில் ஃபர்னிச்சர் ஏலத்துக்குப் பயணம் செய்து வந்தவருக்கு இதே பதில்தான் கிடைத்தது.

அந்தப் பக்கம் நிற்கிறவர்

இதுவரை வாங்குகிறவர் கதை. ஏலத்துக்கு வந்த அந்த வண்டிக்கு ஒரு பழைய ஓனர் இருந்தார். கேபினில் அவர் ஒட்டிய சாமி படம் இன்னும் இருக்கும். பின்னால் பிள்ளைகள் பெயர் எழுதியிருக்கும். அவரும் ஒரு காலத்தில் டிரைவர் அண்ணன்தான்.

அவருக்கும் உரிமைகள் உண்டு. வண்டியை எடுக்கும் முன் நோட்டீஸ், விற்கும் முன் பணம் கட்ட கடைசியாக ஒரு வாய்ப்பு, இதெல்லாம் கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்று ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. ஆள் வைத்து மிரட்டிப் பிடுங்கக் கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று 2007ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது.

ஆனால் வண்டி போனால் கடன் போய்விடும் என்று நினைப்பது தப்பு. பத்து லட்சம் பாக்கி இருக்கும்போது வண்டி ஏழுக்கு ஏலம் போனால் மீதி மூன்று லட்சம் அவர் தலையில்தான். அவர் தரவில்லை என்றால் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சான் தலையில். 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு. ஏலத்தில் யாரோ சந்தோஷப்படுகிற ஒவ்வொரு "சல்லிசான" விலைக்குப் பின்னாலும் ஒரு வீட்டில் பாக்கிக் கடன் கூடுகிறது.

அதற்காக யாரும் அதிக விலை கேட்டு தர்மம் செய்ய வேண்டியதில்லை. அது இருவரையும் காப்பாற்றாது. இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. பழைய ஓனர் எப்படி விழுந்தார்? பல சமயம் டீசல் விலை, வாடகை கிடைக்காத மாதம், ஒரு விபத்து. ஆனால் வண்டியை வாங்கிய நாளிலேயே மதிப்புக்கு மேல் கொடுத்தவருக்கு இந்த அடி எதையும் தாங்க இடமில்லாமல் போகிறது. எட்டு லட்சத்தில் ஜெயித்த டிரைவர் அண்ணன் மாதா மாதம் கட்டும் டியூவில் அந்த அதிக ஒன்றரை லட்சமும் வட்டியோடு உட்கார்ந்திருக்கும். ஒரு மழைக்காலம் லோடு குறைந்தால் போதும். அதே வண்டி, அதே மாதிரி யார்டுக்குத் திரும்பிப் போகும். அடுத்த போட்டோ எடுக்கப்படும். அடுத்த கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சாமி படம் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும்.

ஏலத்தில் ஜெயிப்பது வேறு, வண்டியில் ஜெயிப்பது வேறு. முதலாவதற்கு ஒரு விரல் போதும். இரண்டாவதற்கு அந்த வயசான மெக்கானிக்கின் காது வேண்டும், காகிதத்தில் எழுதிய ஒரு தொகை வேண்டும், அந்தத் தொகையைத் தாண்டும்போது விட்டுவிடுகிற மனசு வேண்டும். வண்டி இன்னொன்று வரும். வாராவாரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதுதான் வருத்தமான விஷயமும்கூட.

பின்குறிப்பு: பட்டறைப் பக்கம் அப்பா, சித்தப்பா, மாமா யாராவது இருக்கிற நண்பர்கள் தங்கள் வீட்டில் பழைய வண்டி எடுத்த கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். வாங்கிய விலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரோட்டில் இறக்கிய விலை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று பாருங்கள்.